இரட்டைப் பூட்டு ஆலயத்தின் வரலாறு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எழுத நான் உட்காரவில்லை. நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். மலர்களுக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. பள்ளிக்கூடம், கூட்டுறவு வங்கி, ஓட்டுத் தொழிற்சாலை என்று எதற்கு வயதானாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். 'வித்திட்டவர்கள்', 'வளர்த்தவர்கள்', 'இன்று' என்று மூன்று தலைப்பு போட்டு, எவர் மனமும் நோகாமல் எழுதிக் கொடுத்துவிடுவேன். அந்த விஷயத்தில் எனக்கு நல்ல பெயர்.

இந்த முறை முடியவில்லை, கோபம் வந்துவிட்டது. கோபத்தில் எழுதினால் அது வரலாறு ஆகாது என்று விழாக் குழுச் செயலாளர் சொன்னார். சரி, கதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

2

தொடக்கம், முதல் வரைவு:

"பசுமையான வயல்களின் நடுவே, சகோதர ஐக்கியத்தின் சாட்சியாக, நூறாண்டுகளாக நிமிர்ந்து நிற்கும் இந்தத் தேவாலயம்—"

நிமிர்ந்து நிற்கவில்லை. மேற்குச் சுவர் சாய்ந்திருக்கிறது. ஐக்கியத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம்.

இரண்டாம் வரைவு:

"ஒரு பெருவெள்ளத்தில் இரண்டு சபைகளின் சிற்றாலயங்களும் இடிந்து விழுந்தபோது, கர்த்தர் அவ்விரு மந்தைகளையும் ஒரே கூரையின் கீழ்—"

கர்த்தரை எதற்கு இழுக்க வேண்டும்? தனித்தனியாகக் கட்ட இரண்டு சபைக்கும் கையில் காசில்லை. அதுதான் காரணம். (செயலாளர் இந்த இடத்தில் 'எளிமை' என்று போடச் சொன்னார்.)

மூன்றாம் வரைவு கீழே இருக்கிறது. இதில் பொய் இல்லை, அழகும் குறைவு.

3

இரண்டுமே சீர்திருத்தச் சபைகள். ஒரே வேதப்புத்தகம், பெரும்பாலும் ஒரே பாட்டுகள். கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள் ஒரு தரப்பு. வளர்ந்து, விவரம் தெரிந்து, தானே கேட்கிறவர்களை மட்டும் தொட்டித் தண்ணீரில் முழுக்கி எடுக்கிறவர்கள் மறு தரப்பு. ஊர் வழக்கில் தெளிப்புக்காரர்கள், முழுக்குக்காரர்கள். இரண்டு தரப்புக்கும் நீளமான அதிகாரபூர்வப் பெயர்கள் உண்டு. நான் எழுதப்போவதில்லை. பலகையில் எந்தப் பெயர் மேலே வருவது என்று சண்டை தீராமல், இன்றுவரை பெயர்ப்பலகையே மாட்டாத ஆலயம் அது.

சுவர்களைத் தெளிப்புக்காரர்கள் எழுப்பினார்கள். கூரையை முழுக்குக்காரர்கள் போட்டார்கள். மழையில் ஒழுகினால் "ஒழுகறது உங்க கூரை" என்பார்கள் இவர்கள். "நனையறது உங்க சுவரு" என்பார்கள் அவர்கள். மேற்குச் சுவர் சாய்ந்த வரலாறு இவ்வளவுதான்.

மாதத்தின் ஒன்றாம், மூன்றாம் ஞாயிறுகள் தெளிப்புக்காரர்களுக்கு. இரண்டாம், நான்காம் ஞாயிறுகள் முழுக்குக்காரர்களுக்கு. யாருடைய ஞாயிறோ அந்த வாரம் முழுவதும் ஆலயமும் அவர்களுடையது. அதில் கல்யாணமோ சாவோ வந்தால் அவர்கள்தான் கதவைத் திறக்க வேண்டும். சனிக்கிழமை மாலை ஒரு தரப்பின் பூட்டைக் கழற்றி மறு தரப்பின் பூட்டைப் போடுவார்கள். பிரசங்கபீடத்துக்கு அடியில் சக்கரம் வைத்திருக்கிறார்கள். ஒரு தரப்புக்கு அது நடுவில் இருக்க வேண்டும், இன்னொரு தரப்புக்கு ஓரத்தில். தள்ளித் தள்ளித் தரையில் பள்ளமே விழுந்துவிட்டது. முழுக்குத் தொட்டியும் அங்கேயேதான், தரைக்கு அடியில். தெளிப்பு வாரங்களில் பலகை போட்டு மூடிவிடுவார்கள். ஒருமுறை தெளிப்புப் போதகர் ஆவேசமாகப் பிரசங்கிக்கும்போது பலகை உடைந்து ஒரு கால் உள்ளே போய்விட்டதாம். "கால் பங்கு ரட்சிக்கப்பட்டார்" என்று முழுக்குக்காரர்கள் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நானும் சிரித்தேன். இதையெல்லாம் சேகரித்த நாட்களில் நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

ஐந்தாம் ஞாயிறு வரும் மாதங்கள் உண்டல்லவா? அதைப் பற்றி ஒப்பந்தம் இல்லை. சேர்ந்து ஆராதிக்கலாமே என்று ஆரம்பத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். யார் பிரசங்கிப்பது, திருவிருந்தை யார் கொடுப்பது என்று பேச்சு வளர்ந்து, எனக்கும் வேண்டாம் உனக்கும் வேண்டாம் என்று முடிந்தது. அந்த வாரம் கதவில் இரண்டு பூட்டும் தொங்கும். இரண்டு தரப்பும் சாவியைக் கொண்டுவந்தால்தான் திறக்க முடியும். முதலில் கொண்டுவருகிறவன் விட்டுக்கொடுத்தவன் ஆகிவிடுவான் என்பதால் எவரும் கொண்டுவந்ததில்லை.

இன்னும் ஒன்று. ஆலயத்தின் முன்னால் கல்லறைத் தோட்டம். வெளிக்கேட்டிலிருந்து ஆலயக் கதவுவரை ஒரே ஒரு மண் பாதை, தோட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. இடது பக்கம் தெளிப்பு, வலது பக்கம் முழுக்கு. பாதை இருவருக்கும் பொது.

4

தையல்காரம்மாவை நான் பார்க்கப் போனது பாடகர் குழு அங்கிகளுக்காக. இரண்டு சபைக்கும் அவர்தான் தைக்கிறார். மலரில் ஒரு கட்டம் கட்டிப் போட நல்ல செய்தி என்று நினைத்தேன்: 'இரு சபை, ஒரே ஊசி'. (இந்தத் தலைப்பை யோசித்த என் மூளையை என்ன செய்வது?)

கடைத்தெருவில் சின்னக் கடை. மிதிக்கிற மெஷின், மேலே ஒரு குழல்விளக்கு, சுவரில் ஆணி ஆணியாகக் காகித வெட்டுகள். ஐம்பதை நெருங்கும் அம்மா. பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், தோள்பட்டையைத்தான் பார்ப்பார். "இந்தச் சட்டைய எவன் தச்சான்? கழுத்து ஒரு பக்கம் இழுக்குது" என்றுதான் என்னிடம் பேச்சையே ஆரம்பித்தார்.

"ரெண்டு சபைக்கும் அங்கி வேற வேற மாதிரியாம்மா?"

"ஒரே வெட்டுதான் சார். காலர் கலரு மட்டும் மாறும். கழுத்தளவெல்லாம் எனக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் ஒரே சைசுதான்."

"நீங்க எந்தச் சபை?"

மெஷினை மிதிப்பதை நிறுத்தினார். "பொறந்தது முழுக்கு. கட்டிக்கிட்டது தெளிப்பு. இப்ப ஞாயித்துக்கிழமை வீட்லயே பாடிக்கிறேன். சுருதி சேராது, ஆனா யாரும் கேக்கறதில்ல." பிறகு நூலைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டார்: "வரலாறு எழுதறேன்னு சொன்னீங்களே, எல்லாத்தையும் எழுதுவீங்களா?"

எழுதுவேன் என்றேன். மலர் எழுதுகிறவன் சொல்லக் கூடாத வார்த்தை அது.

5

அவர் சொன்னதைச் சொன்ன வரிசையில் எழுதுகிறேன். உவமை ஏதாவது வந்து விழுந்தால் அடித்துவிடுகிறேன்.

அவருக்கும் லாரி ஓட்டும் அவர் கணவருக்கும் ஒரு பெண் குழந்தை. கலப்புக் கல்யாணம் என்றால் எங்களூரில் இதுதான். குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றது கணவர் வீடு. வளர்ந்து அவளே கேட்கட்டும் என்றது தையல்காரம்மா வீடு. மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் தையல்காரம்மா விட்டுக்கொடுத்தார். நான்காம் ஞாயிறு போய்விட்டது, அடுத்தது தெளிப்புக்காரர்கள் முறைதான், தெளித்துவிடலாம் என்று பேசி முடித்தார்கள். அந்த மாதத்தில் ஐந்தாம் ஞாயிறு ஒன்று குறுக்கே இருந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன?

அந்த வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அப்போதுதான் பிடிக்காமல் உட்காரப் பழகியிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் வழியில், அப்பா ஓட்டிய லாரியிலேயே இறந்துபோனாள்.

ஆலயக் கதவில் இரண்டு பூட்டு.

தெளிப்புப் போதகர் அழுதாராம். அழுதுகொண்டே, "ஞானஸ்நானம் ஆகலையேம்மா. ஆகாத பிள்ளைய எங்க பக்கத்துல வைக்கச் சட்டத்துல இடமில்ல. வாரமும் எங்களோடது இல்ல" என்றிருக்கிறார். முழுக்குப் போதகர் இன்னும் அன்பானவர். "குழந்தைங்க நேரா பரலோகம் போறாங்க. அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. ஆனா கல்லறைங்கிறது சபை அங்கத்தினருக்கு. அங்கத்தினர் ஆகணும்னா முழுக்கு எடுத்திருக்கணும்" என்று விளக்கியிருக்கிறார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். பரலோகத்தில் இடம் உண்டு, இந்தத் தோட்டத்தில் இல்லையாம்! எழுதும்போது என் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

லாரிக்காரர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். இடது பக்கமும் போகவில்லை, வலது பக்கமும் போகவில்லை. நடுப் பாதையில் தோண்டினார். பாதை இருவருக்கும் பொது என்பதால், அதில் நீ தோண்டாதே என்று சொல்லும் உரிமை தனியாக எவருக்கும் இல்லை. எவரும் சொல்லவில்லை. எவரும் ஜெபிக்கவும் இல்லை. மண்ணை மூடி அவரே மிதித்துச் சமப்படுத்தினார்.

[இங்கே அந்தக் குழந்தைக்காகத் தைத்து வைத்திருந்த ஞானஸ்நான உடையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. வரைவை வாசித்துவிட்டுத் தையல்காரம்மா, "அத எடுத்துடுங்க சார். அத வச்சு யாரும் அழ வேணாம்" என்றார். எடுத்துவிட்டேன். நல்ல பத்தி. போகட்டும்.]

அது நடந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஞாயிறு தோறும் இரண்டு சபையும் முறை வைத்து அந்தக் குழந்தையின் மேல் நடந்து ஆராதனைக்குப் போகிறது. தெரிந்தவர்கள் பாதிப் பேர். தெரியாதவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

6

விழாவுக்கு வெளியூர்களிலிருந்து பெரிய போதகர்கள் வருகிறார்கள். அவர்கள் காலில் சேறு படக் கூடாது. ஆகவே பாதைக்குத் தளக்கல் பதிக்க முடிவாயிற்று.

தையல்காரம்மா விழாக் குழுக் கூட்டத்துக்கு வந்தார். குறிப்பெடுக்க நானும் இருந்தேன். ஆலயத்துக்குள்ளேயே கூட்டம். பிரசங்கபீடம் ஓரமாக இருந்தது, அதாவது தெளிப்பு வாரம். அவர் உட்காரவில்லை.

"அந்த ஒரு இடத்துல மட்டும் கல்லு போடாம விட்டுடுங்க. பலகை வேணாம், பேரு வேணாம். மண்ணா இருக்கட்டும். மிதிக்காம சுத்திப் போகட்டும். அவ்வளவுதான் கேக்கறேன்."

செயலாளர் தெளிப்புத் தரப்பு, ஓய்வுபெற்ற நில அளவையர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க மனசு புரியுதும்மா. ஆனா அங்க கல்லு போடாம விட்டோம்னா அது கல்லறைன்னு ஆயிடும். கல்லறைன்னா எந்தப் பக்கத்துக் கல்லறைன்னு கேள்வி வரும். எதுக்கு வம்பு?"

பொருளாளர் முழுக்குத் தரப்பு, மருந்துக்கடைக்காரர். "பாப்பா கர்த்தர் மடியில இருக்கா சகோதரி. மண்ணப் பத்தி ஏன் கவலைப்படறீங்க?"

"மண்ணப் பத்திக் கவலை இல்லன்னா, நடுவுல எதுக்குங்க பிரிச்சு வச்சிருக்கீங்க?"

மருந்துக்கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு ஒருவர் தொண்டையைச் செருமி, வாக்கெடுப்பு வைத்துவிடலாமே என்றார். பாதை முழுவதும் கல் பதிக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள். எல்லாக் கைகளும் எழுந்தன. செயலாளர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஒருமனதாக" என்று எழுதச் சொல்லி என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

பெயர்ப்பலகையில் ஒன்றுபடவில்லை, ஒழுகும் கூரையில் ஒன்றுபடவில்லை, திருவிருந்தில் ஒன்றுபடவில்லை. இவர்கள் ஒருமனதாக எடுத்த முதல் தீர்மானம் ஒரு குழந்தையைக் கல்லால் மூடுவது. இதைத்தான் நான் 'ஐக்கியத்தின் சாட்சி' என்று எழுத வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனை நானும் பார்த்திருக்கிறேன். சோற்றை என்னைப் பரிமாறச் சொன்னது இதுதான் முதல் தடவை.

(வாசகரே, இங்கே குரல் உயர்ந்துவிட்டது. ஒரு கதைசொல்லி இப்படிக் கத்தக் கூடாது என்று எனக்கும் தெரியும். தாழ்த்தி ஒருமுறை எழுதிப் பார்த்தேன். வாசிக்க நன்றாக இருந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.)

7

ஒரு பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. எழுந்த கைகளில் ஒன்று லாரிக்காரருடையது.

ஆமாம், அந்த அப்பாதான். தெளிப்புத் தரப்பில் குழு உறுப்பினர். குழி தோண்டியவர் எப்படிக் கை தூக்குவார்? கதையாக இருந்தால் இதை ஒரு ஆசிரியரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவரை எழுந்து கத்த வைத்து ஒரு பக்கம் எழுதினேன். சொந்தமாக ஒரு கெட்ட வார்த்தைகூடக் கொடுத்தேன். படித்தால் நான் கத்துகிற மாதிரி இருந்தது, அவர் மாதிரி இல்லை.

நேரே போய்க் கேட்டேன். சரக்கு ஏற்றும் இடத்தில் லாரி நின்றிருந்தது. என்னை மேலே ஏறி உட்காரச் சொன்னார். இருக்கையில் துண்டு விரித்து இடம் பண்ணிக் கொடுத்தார்.

"ஏன் கை தூக்கினீங்க?"

கியர் கம்பியின் குமிழைத் திருகிக்கொண்டே சொன்னார். "நான் ஒருத்தன் மட்டும் தூக்காம இருந்தா எல்லாரும் திரும்பி என்னப் பாப்பாங்க சார். 'ஆமா, இவன் பொண்ணுதானே'ன்னு பாப்பாங்க. அந்தப் பார்வைய அன்னிக்கே பாத்துட்டேன். இன்னொரு தடவ முடியாது."

"வீட்ல என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சட்டைக்குப் பட்டன் வச்சுக் குடுக்கறத நிறுத்திட்டா." காட்டினார். மார்புக்கு நேரே ஊக்கு குத்தியிருந்தது. ஊரிலேயே நல்ல தையல்காரியின் புருஷன்.

"கல்லு யார் லாரியில வருது?"

"நம்ம சபைக்காரன் வண்டிதானே, வாடகைய பாத்துப் போட்டுக்குவான்னு என்கிட்டயே சொல்லிட்டாங்க." சாவியைத் திருப்பினார். "நாளைக்கு ஏத்தணும்."

கீழே இறங்கினேன். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் செயலாளர் மேல் இருக்கிற கோபம் மாதிரி அதைச் சந்தோஷமாகப் பட முடியவில்லை.

8

முடிவுகள்.

அ) லாரிக்காரர் கல் ஏற்றிக்கொண்டு வருகிறார். ஆலயக் கேட்டில் நிறுத்தாமல், ஊரைத் தாண்டிப் போய், ஆற்றில் அத்தனை கல்லையும்—

என் மனைவி அச்சகத்தில் பிழைதிருத்துகிறவள். என் எழுத்தை முதலில் படிப்பதும் அவள்தான். "இது சினிமாங்க" என்றாள். "அவரு லாரிக்காரரு. ஏத்தின சரக்க எறக்காம அவருக்குத் தூக்கம் வராது."

ஆ) விழாவுக்கு முந்தின நாள் இரண்டு போதகர்களும் பாதையில் மண்டியிட்டுக் கண்ணீர் விட்டு—

"அழுவாங்க. அதெல்லாம் நல்லாவே அழுவாங்க. அழுதுட்டு எந்திரிச்சு, கல்லு வந்துடுச்சான்னு கேப்பாங்க."

இ) கொத்தனார்கள் வரும்போது தையல்காரம்மா பாதையில் உட்கார்ந்துவிடுகிறார். எழ மறுக்கிறார். மெல்ல மெல்ல ஊரே—

இதை எழுதி எடுத்துக்கொண்டு நானே அவர் கடைக்குப் போனேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் ஏன் சார் உக்காரணும்? எனக்கு முட்டி வலி. உக்காந்தா சுத்தி நின்னு வேடிக்கை பாப்பாங்க. அப்புறம் நாலு பேரு சேந்து தூக்கி ஓரமா வச்சுட்டு வேலையப் பாப்பாங்க. உங்க கதையில அவங்க யாரும் எதுவும் செய்யவே மாட்டாங்களா? எல்லாத்தையும் நானேதான் செய்யணுமா?"

அவர் சொன்னது நியாயம். நான் வெட்கப்பட்டு வெளியே வரும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்தச் சட்டையக் குடுத்துட்டுப் போங்க சார், கழுத்த சரி பண்ணித் தரேன். பாக்க முடியல."

ஈ) [எழுதவில்லை.]

9

செயலாளர் கட்டுரை கேட்டு அவசரப்படுத்தினார். "தையல்காரம்மா விஷயம் எதுவும் உள்ள இல்லையே?" என்று தொலைபேசியில் கேட்டார். வேண்டாம் என்று நீங்கள் சொன்ன விஷயம் கட்டுரையில் இல்லை என்றேன். பொய் இல்லை. நான் எழுதியது கட்டுரை இல்லையே.

"அச்சுக்குப் போறதுக்கு முந்தி குழு பாக்குமே" என்றேன் மனைவியிடம்.

"பாக்கும். போட்டோவெல்லாம் வந்திருக்கா, யாரு படம் பெருசு, யாரு பேரு முதல்ல, அதத்தான் பாக்கும். மலர்ல கட்டுரைய எவன் படிக்கறான்? நீங்க எழுதினத இது வரைக்கும் படிச்சது நான் ஒருத்திதான், அதுவும் சம்பளத்துக்கு." தாள்களை வாங்கி அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டாள். போதகர்களின் வாழ்த்துச் செய்திகளுக்கும் விளம்பரங்களுக்கும் நடுவில் சேர்த்துவிடுவதாகச் சொன்னாள்.

ஆகவே, வாசகரே, நீங்கள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். பிரசங்கம் நீண்டுவிட்டது. மடியில் இருந்த மலரைப் புரட்டினீர்கள். உங்கள் படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பொழுது போகாமல் இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள். (வேறு எங்கேயோ உட்கார்ந்து படிக்கிறவர்களும் இருக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இது ஆலயத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் எனக்கும் உள்ள பேச்சு.)

நான் இதை எழுதும்போது கற்கள் இன்னும் லாரியில் இருக்கின்றன. நீங்கள் படிக்கும்போது பதித்து முடித்திருப்பார்கள். இந்தக் கதையின் முடிவு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். சற்று முன்புதான் அதன்மேல் நடந்து வந்தீர்கள்.

கேட்டிலிருந்து வரும்போது, பாதையில் ஓரிடத்தில் கல் இல்லாமல் மண் தெரிந்ததா? ஏன் என்று புரியாமல் அதைச் சுற்றிக்கொண்டு வந்தீர்களா? அப்படியானால் யாரோ ஒருவர் ஏதோ செய்திருக்கிறார். நான் எழுதத் தெரியாமல் விட்ட முடிவை அவர் எழுதிவிட்டார். அவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

அல்லது, கதவுவரை ஒரே சீராக, செருப்பில் மண் படாமல் நடந்து வந்தீர்களா? தெரியாமல் நடந்ததற்கு உங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது தெரியும். ஆராதனை முடிந்ததும் நீங்கள் வெளியே போக வேண்டும். வேறு வாசல் கிடையாது.

எந்த இடம் என்று கேட்டால் செயலாளர் சொல்ல மாட்டார். நானும் இங்கே எழுதப்போவதில்லை. கூட்டம் கலையும்போது லாரிக்காரருக்குப் பின்னால் நடந்து போங்கள். குனிந்துகொண்டே போவார், யாரோடும் பேச மாட்டார். வழவழப்பான கல்லின்மேல், காரணமே இல்லாமல், ஓரிடத்தில் ஓரமாக ஒதுங்குவார். அவருக்கு அடுத்து கால் வைக்கப்போவது நீங்கள்தான்.